ஒரே பாடநூலா, பல மரபுகளா: பேரியல் பொருளாதாரத்தை எங்கிருந்து தொடங்குவது?

பேரியல் பொருளாதாரத்தை, அதாவது ஒரு நாட்டின் வருமானம், விலைவாசி, வேலை ஆகியவற்றை மொத்தமாகப் பார்க்கும் துறையை, நான் படித்தது ஒரு வழியில், சொல்லிக்கொடுப்பது வேறு வழியில். படித்த நாளில் எல்லாருக்கும் வாய்த்த அதே பாடநூல் வரிசைதான்: தேசிய வருமானக் கணக்கு, வருமானத்தோடு நுகர்வு எப்படி மாறும் என்ற நுகர்வுச் சார்பு, வட்டியையும் வருமானத்தையும் ஒரே படத்தில் காட்டும் ஐஎஸ்-எல்எம் கோடுகள், மொத்தத் தேவை, மொத்த அளிப்பு, கடைசியில் வேலையின்மையையும் பணவீக்கத்தையும் இணைக்கும் பிலிப்ஸ் வளைகோடு. சொல்லிக்கொடுக்க வந்த பிறகு சில முறை அதே தடத்தில் போய்ப் பார்த்தேன். இப்போது முதல் வகுப்பிலிருந்தே தேவை குறைந்தால் அரசு தலையிட வேண்டும் என்னும் கீன்சியர், பணத்தின் அளவையே முக்கியமாகக் கொள்ளும் பணவியலாளர், கீன்ஸை வேறு வழியில் தொடரும் பின்-கீன்சியர், சந்தையை நம்பும் ஆஸ்திரியர், மார்க்சியர் என்று எதிரெதிர் மரபுகளை ஒரே மேசையில் உட்காரவைக்கிறேன். ஆகவே இதில் நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

பாடநூல் வழிக்குள்ள வசதிகள் தெரிந்தவைதான். வரிசை ஒழுங்காக இருக்கும், பயிற்சிக் கணக்குகள் இருக்கும், தேர்வுக்கு உதவும், மேற்படிப்பில் எவரும் அந்த மொழியில்தான் பேசுவார்கள். மரபுகள் வழியின் சங்கடங்களும் வெளிப்படையானவை. நேரம் கூடுதலாகப் பிடிக்கும். இரண்டாம் வாரத்திலேயே மாணவர்கள் கட்சி சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் கீன்ஸ் ரசிகர், இன்னொருவர் ஆஸ்திரிய மரபைச் சேர்ந்த ஹாயெக்கின் ரசிகர். அதைத் தடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

இவற்றை வைத்தெல்லாம் நான் முடிவெடுக்கவில்லை. முதலில் கற்றதில் எவ்வளவை பின்னால் அழித்து எழுத வேண்டிவருகிறது என்று பார்த்தேன். அந்தச் செலவு மிக அதிகமாக விழும் இடம், பணம் எங்கிருந்து வருகிறது என்ற அத்தியாயம்.

பழைய பாடநூல் அதைப் பணப்பெருக்கி என்று சொல்லும். 100 வைப்பாக வருகிறது; வங்கி 10 விழுக்காட்டை இருப்பில் வைத்துக்கொண்டு 90-ஐக் கடன் தருகிறது; அது இன்னொரு வங்கியில் வைப்பாகி, 81 கடனாகிறது; இப்படியே போய் மொத்தம் 1,000-இல் நிற்கிறது. கணக்கு கச்சிதமாக வரும், தேர்வில் கேட்பதற்கும் தோதானது. ஆனால் நடைமுறையில் வங்கி அப்படி இயங்குவதில்லை. இங்கிலாந்து மத்திய வங்கியே 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாக எழுதியது: வைப்பு வரும்வரை வங்கி காத்திருப்பதில்லை, கடன் கொடுக்கும் செயலே வைப்பை உருவாக்குகிறது. அமெரிக்காவில் கட்டாய இருப்பு விகிதம் 2020 மார்ச்சில் சுழியமாக்கப்பட்டது. பெருக்கிச் சூத்திரத்தை அப்படியே நம்பினால் அன்றிலிருந்து பணம் எல்லையில்லாமல் பெருகியிருக்க வேண்டும்.

அதற்கு முன்பே ஒரு சோதனை நடந்துவிட்டது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க அடிப்படைப் பணம் (புழக்கத்திலுள்ள நோட்டுகளும் மத்திய வங்கியில் வங்கிகள் வைத்திருக்கும் இருப்பும்) ஏறத்தாழ 90,000 கோடி டாலர். 2014 முடிவில் சுமார் 4 லட்சம் கோடி. நான்கு மடங்குக்கும் மேல். பெருக்கிப்படி மக்கள் புழங்கும் பணமும் அதே மடங்கு ஏறியிருக்க வேண்டும்; அதுவோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கோடு நின்றது. விலைவாசியும் பாய்ந்து ஏறவில்லை. பெருக்கியை மனப்பாடம் செய்த மாணவருக்கு இதை விளக்க, முதலில் அந்தப் பெருக்கியை அவர் மறக்கவேண்டும். மறக்கவைப்பது கற்பிப்பதைவிடக் கடினம். நானே மறக்கப் பட்ட பாடு நினைவிருக்கிறது.

இப்போது நான் தொடங்குவது கணக்கேட்டில் இரண்டு வரிகளோடு. ஒருவருக்கு வங்கி 1,000 கடன் தருகிறது. சொத்துப் பக்கத்தில் கடன் 1,000, கடப்பாட்டுப் பக்கத்தில், அதாவது வங்கி தரவேண்டியவற்றில், அவர் கணக்கில் வைப்பு 1,000. வேறு எவருடைய கணக்கிலும் ஒன்றும் குறையவில்லை. “அப்படியானால் வங்கி நினைத்த அளவுக்குப் பணம் உண்டாக்கலாமா?” என்று யாராவது கேட்காமல் வகுப்பு முடிந்ததில்லை. அந்தக் கேள்வி வந்தபின் மரபுகளை நான் இழுத்துவர வேண்டியதில்லை, அவையே வந்துவிடும். கடன் கேட்கும் தகுதியுள்ளவர்கள், வங்கியின் மூலதனம், மத்திய வங்கி வைக்கும் வட்டி ஆகியவைதான் எல்லை என்பார் பின்-கீன்சியர். அவர்களில் ஒருவரான கால்டார் 1970-லேயே இந்த வாதத்தைப் பணவியலாளர்களுக்கு எதிராக வைத்தார். பணத்தின் அளவைக் கட்டுக்குள் வைப்பது மத்திய வங்கியின் பொறுப்பு, தவறினால் விலைவாசி ஏறும் என்பார் ஃப்ரீட்மன் வழிவந்த பணவியலாளர். சேமிப்பின் துணையில்லாமல் பெருகும் இந்தக் கடன்தான் தவறான முதலீடுகளைத் தூண்டி, பிறகு வீழ்ச்சியைக் கொண்டுவருகிறது என்பது ஆஸ்திரியர் பக்கம். பின்-கீன்சியரான மின்ஸ்கி இன்னொரு கோணத்தில் வருவார்: நிலைமை நன்றாக இருக்கும் காலத்திலேதான் அசலையும் வட்டியையும் வருமானத்திலிருந்து கட்டுபவர்கள் குறைந்து, வட்டி மட்டும் கட்டுபவர்களும், வட்டிக்கே புதுக்கடன் வாங்குபவர்களும் பெருகுகிறார்கள்.

ஒரே நிகழ்வை இரு தரப்பும் தங்கள் வெற்றியாகச் சொல்வதையும் இந்த வழியில்தான் காட்டமுடிகிறது. 1979 அக்டோபரில் வோல்க்கர் தலைமையில் அமெரிக்க மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்கப் பணத்தின் அளவை இலக்காக எடுத்தது. குறுகியகால வட்டி 20 விழுக்காட்டை எட்டியது. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காடு. பணவீக்கம் இறங்கியது, ஆகவே நாங்கள் சொன்னது சரி என்கிறார் பணவியலாளர். இலக்கை ஒழுங்காக எட்டவே முடியாமல் 1982-இல் அதைக் கைவிட்டீர்களே, பணவீக்கத்தை இறக்கியது வேலையிழப்புதானே என்கிறார் கீன்சியர். பாடநூல் வரைபடத்தில் இது ஒரு கோடு இடப்பக்கம் நகர்வதோடு முடிந்துவிடும். அந்த ஐஎஸ்-எல்எம் படத்தை 1937-இல் வரைந்த ஹிக்ஸே, பிற்காலத்தில் அதை வகுப்பறைக் கருவி என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் படத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கிறார்கள். நானும் படத்தைத் தூக்கி எறிவதில்லை. ஐந்தாறு வாரம் தள்ளி, கீன்சுக்கு ஹிக்ஸ் தந்த ஒரு விளக்கம் என்ற பெயரோடு அறிமுகப்படுத்துகிறேன்.

இனி என் கை தளரும் இடங்கள். நான் நடத்தியவை எல்லாம் இருபது பேருக்குள் அடங்கிய குழுக்கள். இருநூறு பேர் உட்காரும் அரங்கில் இந்த வழி எடுபடுமா என்பதை நான் பார்த்ததில்லை. முனைவர் பட்டம்வரை போகப்போகிறவர் கணிதத்தில் பின்தங்கிவிடுவாரா என்ற அச்சத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்படிப் போன இருவர் பாடநூலைத் தனியாக ஈடுகட்டிக்கொண்டார்கள், இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. தேர்வு மூன்று மாதத்தில் என்றால் பாடநூலையே எடுங்கள், பணப்பெருக்கி அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்சிய வாரம் ஓரளவு ஓடுகிறது. ஆஸ்திரிய வாரம்தான் இன்னும் நொண்டுகிறது. எனக்கு உடன்பாடில்லாத மரபு என்பதால் அதன் வலுவான வாதத்தை விட்டுவிட்டு எளிதில் வீழ்த்தக்கூடியதை முன்வைத்துவிடுகிறேனோ என்று சந்தேகம். சென்ற முறை ஒரு மாணவர் அதை நேராகவே கேட்டார். அடுத்த முறை அந்த வாரத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம் என்றிருக்கிறேன்.