சித்தூர் டெஸ்டா, பொள்ளாச்சி எஃப்சியா? வீட்டில் கட்டிய ஜீப்புக்கு எது லாபம்

கொழிஞ்சாம்பாறையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டின சாய்ப்பில் இரண்டு வருஷமாக ஒரு ஜீப்பைப் பிரித்துப் பூட்டினேன். 1995 மாடல் மஹிந்திரா எம்எம் 540. அப்பா எடுத்த வண்டி, கேஎல்-9 நம்பர். தரைத்தகடு, வயரிங், ஹூட் எல்லாம் புதுசு. சேஸிஸும் பெஜோ டீசல் எஞ்சினும் மட்டும் பழசு. ஆர்சி புக்கில் பதிவு 2025-இல் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

நான் சித்தூர் கட்சி (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்). பொள்ளாச்சி மச்சான் எதிர்க்கட்சி. வண்டியைக் காட்டித் தகுதி பார்ப்பதை இங்கே நாம் டெஸ்ட் என்கிறோம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதற்கே எஃப்சி என்று பேர். “கேரளாவுல டயர் பெருசா இருந்தாலே கேஸ் எழுதிருவாங்க மாமா, என் அட்ரஸ்ல மாத்திக்கோங்க, டிஎன்-41 போட்டுக்கலாம்” என்றான்.

அவன் சொன்ன வழியைத்தான் முதலில் கணக்குப் போட்டேன். சித்தூரில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அதற்கு ஃபாரம் 28. வரிப் பாக்கி, வழக்குப் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. அந்தப் பக்கம் போய் மறுபடி வரி, மறுபடி வண்டியைக் காட்டுவது. இதெல்லாம் போகட்டும், காசும் அலைச்சலும்தான். நான் குடியிருப்பது இங்கே, வண்டி நிற்கப்போவதும் இங்கே. வேறு மாநில வண்டி 12 மாசத்துக்கு மேல் இங்கே நின்றால் திரும்பவும் இந்த மாநில நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. போன வழியே திரும்பி வருவதற்கு எதற்கு அத்தனை சுற்று?

அங்கே போனால் நான் மாட்டியிருந்த பெரிய டயருக்கு விலக்கு கிடைக்குமா? அதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான், ஆனால் கட்டுப்படுத்துவது நாடு முழுக்க. முன்னால் இரும்புக் கம்பி மாட்டக்கூடாது என்று 2017 டிசம்பரில் வந்த சுற்றறிக்கையும் மத்திய அரசுடையது. பார்க்கிற கண் அங்கே கொஞ்சம் இளகலாம், சட்டம் இளகாது. கட்டணமும் மத்திய அரசு வைத்ததுதான். 15 வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்றார்கள்.

விண்டேஜ் என்று பதியலாமே என்றார் ஒரு பெரியவர். அதற்கு 50 வயசு ஆகியிருக்க வேண்டும். தினமும் ஓட்டவும் முடியாது.

இன்னொரு ஆசையும் இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு உண்டு. பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலியில் உதிரிகளை வைத்துக் கட்டி விற்கிற ஜீப்பை லாரியில் ஏற்றி வந்துவிடலாம் என்று. பிரிட்டனில் வீட்டில் கட்டின காருக்கென்றே ஐவிஏ என்று ஒரு சோதனை இருக்கிறது. வெளியே துருத்துகிற விளிம்பு 2.5 மில்லி வளைவாவது இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். நம் ஊரில் அந்த வாசலே கிடையாது. புதிதாகக் கட்டின வண்டி என்றால் புனேயில் இருக்கிற ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை நிறுவனம் மாதிரி இடத்தில் கம்பெனிக்காரன்போல மாதிரி வண்டி கொடுத்துத் தேற வேண்டும். ஒற்றை ஜீப்புக்கு யார் அதைச் செய்வது? அதனால் அந்த வண்டிகளோடு வருகிற புக்கு பல நேரம் வேறு ஏதோ வண்டியுடையது. தொடாதீர்கள்.

ஆக, சித்தூர். ஆனால் வண்டியை பழைய ரூபத்துக்குக் கொண்டுவர வேண்டும். மச்சான் பேச்சைக் கேட்டு மாட்டின 31 இஞ்ச் டயரைக் கழற்றி, கம்பெனி அளவான 6.00-16 போட்டேன். ட்ரெட் 1.6 மில்லிக்குக் குறையக்கூடாது. எல்இடி பார், மியூசிக் ஹாரன் இரண்டையும் கழற்றினேன்.

அதிக நேரம் தின்றது சேஸிஸ் நம்பர்தான். ஒரு காலத்தில் யாரோ அதன் மேலேயே தார் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கிரைண்டர் வைத்தால் எழுத்தே போய்விடும், நம்பரை அழித்தவன் என்ற பழியும் வரும். டீசலில் நனைத்த துணியை ராத்திரி முழுக்கக் கட்டிவைத்து, காலையில் பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். மேலே தாள் வைத்துப் பென்சிலால் உரசினால் கடைசி ‘8’ மட்டும் ‘3’ மாதிரி விழுந்தது. நாலாவது தாளில்தான் சரியாக வந்தது. எஞ்சின் நம்பரையும் புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

புகைக்கு ஒரு யோசனை. பிஎஸ்-4 என்ற மாசு விதிக்கு முந்தின டீசலுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அளவு). எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கொண்டுபோய் நிறுத்தினால் பெஜோ அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, வாளையார் ரோட்டில் அரை மணி நேரம் விரட்டிவிட்டு, எஞ்சின் ஆறுவதற்குள் புகை அளக்கும் குழாயை வைக்கச் சொல்லுங்கள். எனக்கு 52 வந்தது.

டெஸ்ட் அன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தார், இண்டிகேட்டர், பிரேக் லைட் பார்த்தார். வைப்பரைப் போடச் சொன்னார். எங்கள் பக்கம் மழை குறைவு, நான் அதைச் சோதிக்கவே இல்லை. பாதி வழியில் நின்றது. ஃபியூஸ் மாற்றி மத்தியானம் திரும்ப வரச் சொன்னார். சாயங்காலம் ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

பெரிய டயர் நாலும் சாய்ப்பில் கிடக்கிறது. அதில் ஒன்றில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. மச்சான் இன்னும் விலை கேட்டுக்கொண்டே இருக்கிறான்.