சக்கர நாற்காலியும் அதன் இரண்டு கைப்பிடிகளும்: 7 வருட அனுபவம்

2018-ல் வாங்கிய நாற்காலி. அலுமினியம், மடக்கலாம், பின்சக்கரம் 24 அங்குலம், காற்று டயர். மயிலாப்பூர் தெருக்களில் ஏழு வருடம் ஓடியும் சட்டகம் ஆடவில்லை. முன்சக்கர பேரிங் மட்டும் கடல் காற்றிலும் மழைத்தண்ணீரிலும் துருப்பிடித்து இரண்டு முறை மாற்றியாயிற்று. பஞ்சர் சகஜம், சைக்கிள் கடையிலேயே ஒட்டித் தருவார்கள்.

குறை என்று சொன்னால் பின்னால் இருக்கும் கைப்பிடிகள்தான். அவை ஊருக்கே பொது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஒருநாள் மருந்துக்கடையில் பிரேக் போட்டுவிட்டு நிற்கிறேன். நாற்காலி தானாகப் பின்னால் போகிறது. திரும்பிப் பார்த்தால், ஒருவர் கல்லாவுக்கு வழி வேண்டுமென்று என்னை இழுத்து ஓரம் கட்டிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் வழியில் கிடக்கும் பையைத் தள்ளி வைப்பார்களே, அது மாதிரி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பிரேக்கோடு இழுத்ததில் தேய்ந்த இடம் வலது டயரில் இன்னும் தெரிகிறது.

தி.நகரில் ஒரு துணிக்கடை. "மேடத்துக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று விற்பனைப் பெண் அண்ணியைக் கேட்டாள். மேடம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். கார்டு கொடுத்தது நான், மெஷினை நீட்டியது அண்ணியிடம். பின் நம்பர் அண்ணிக்குத் தெரியாது என்பதால் அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92-ஆம் பிரிவில், பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் என்னைத் தள்ளுகிறவர்களில் பாதிப்பேர் புண்ணியம் சேர்ப்பதாக அல்லவா நினைக்கிறார்கள்! அவர்களை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

சரி, கைப்பிடியைக் கழற்றிவிடலாமே என்று தோழி சொன்னாள். முடியாது. 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் வந்துவிட்டன, சந்தோஷம்தான், ஆனால் அதன் சாய்தளத்தில் ஏறப் பின்னாலிருந்து ஒரு கை வேண்டும். நடைபாதையில் பைக் ஏறாமலிருக்க நட்ட தூண்களுக்கு இடையில் நாற்காலி நுழையாது, அங்கேயும் யாராவது தூக்கி இறக்க வேண்டும். 2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் மரப்பாதை போட்டார்கள். அதில் யார் கையும் படாமல் நானே உருட்டிக்கொண்டு அலை வரைக்கும் போனேன். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. அப்புறம் சீர்செய்தார்கள் என்றாலும், அன்று வந்த வயிற்றெரிச்சல் மறக்கவில்லை.

கடைசியில் மடக்கும் கைப்பிடி மாட்டிக்கொண்டேன். வேண்டும்போது நிமிர்த்தலாம், மற்ற நேரம் முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் முதலிலேயே இந்த மாதிரி கேட்டு வாங்குங்கள். இப்போதும் சிலர் சாய்வுக் குழாயைப் பிடித்துத் தள்ளத்தான் பார்க்கிறார்கள், ஆனால் சரியான பிடி கிடைக்காமல் கொஞ்சம் தடுமாறுவார்கள். அதற்குள் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு நேரம் கிடைத்துவிடும்.

இந்த மடக்கும் கைப்பிடியின் ஸ்க்ரூ ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளரும். எங்கள் தெரு சைக்கிள் கடைத் தம்பிதான் இறுக்கித் தருவான். "அக்கா, இதுலயே உக்காந்து இருக்கீங்களா, இல்ல மாறி உக்கார ஸ்டூல் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பான்.