நொண்டி இன்ஜினுக்கு 14,800 ரூபாய்: பழைய மாடல் ரயில் வாங்குகிறவர்கள் கவனிக்க

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய பொருட்களை விற்கும் ஓர் இணையதளத்தில் ஹெச்.ஓ. அளவு மாடல் டீசல் இன்ஜின் ஒன்று வாங்கினேன். அசலில் 87இல் ஒரு பங்கு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுவது. விலை 14,800 ரூபாய். "வீட்டிலேயே முழுதாகப் பிரித்துப் பழுது நீக்கியது" என்று விளம்பரம்.

மயக்கியது விற்றவருடைய பேச்சு. "ஊசி முனையில் தொட்டு ஒரு சொட்டு எண்ணெய்தான் வைப்பேன் சார். மோட்டாரின் சுழலும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டரில் பட்டால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் வீணாகிவிடும்" என்றார். இப்படிப் பேசுகிறவர் மீது யாருக்குச் சந்தேகம் வரும்? காணொளியும் அனுப்பினார். இன்ஜின் அழகாக ஓடியது, பின்னணியில் சத்தமாக ஒரு பாட்டு. பாட்டு எதற்கு என்பது பார்சல் வந்த பிறகு புரிந்தது.

மெதுவாக ஓட்டினால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. தடம் மாறும் இடத்தில் தவறாமல் கவிழ்கிறது. அடிமூடியைக் கழற்றினேன். அச்சின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் துளையிலிருந்து பல்லிடுக்கு வரை பிளந்திருந்தது. பிளவின் மேல் வெள்ளை பூத்த பசை! இந்த வகை இன்ஜினில் இரு பக்கத்து அரை அச்சுகளையும் ஒன்றோடொன்று தொடாமல் பிடித்திருப்பதே அந்தப் பற்சக்கரம்தான். அது பிளந்தால் அச்சு நழுவும், சக்கர இடைவெளி மாறும். அந்த வழுவழுப்புப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. புதிய பற்சக்கரம் மாற்றுவது சொற்பச் செலவு. ஊசிமுனை எண்ணெய்க்காரருக்கு இது தெரியாதாம்!

கேட்டால், "தண்டவாளத்தைத் துடைத்துப் பாருங்கள் சார்" என்றார். படம் அனுப்பினேன். "கூரியரில் அடிபட்டிருக்கும்." பசையும் கூரியர்காரர்தான் போட்டாரா என்றேன், அத்தோடு பதில் நின்றது. இணையதளத்தின் உதவி மையமோ, நான் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறது. பிரிக்காமல் விரிசலை எப்படிப் பார்ப்பதாம்? 14,800 ரூபாய், போனது போனதுதானாம்.

விரிவாக வழிமுறை எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பாட்டில்லாத காணொளி கேளுங்கள், மிக மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடிமூடி திறந்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிப்பதையும் முதல் ஓட்டத்தையும் படம்பிடித்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். 14,800 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.