பிராக் நகருக்கு ஒருநாள் பயணம் செல்வோர் கவனத்துக்கு: நாணய மாற்றுக் கடைகளில் நடக்கும் மோசடி

செக் குடியரசின் தலைநகரான பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகில் உள்ள ஒரு நாணய மாற்றுக் கடையில் என் அப்பா ஏமாற்றப்பட்டதையும், கொடுத்த பணத்தை நாங்கள் எப்படித் திரும்பப் பெற்றோம் என்பதையும் இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர், ஊரிலிருந்து வரும் பெற்றோரைக் காலை ரயிலில் அங்கே அழைத்துச் சென்று இரவே திரும்புவது வழக்கம் என்பதால், அவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

செக் குடியரசு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டாலும் யூரோவை ஏற்கவில்லை. அங்கே கொருனாதான் நாணயம். கையில் யூரோவுடன் வந்து இறங்கும் ஒருநாள் பயணிகளை நம்பித்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன. 1410-இல் நிறுவப்பட்ட வானியல் கடிகாரத்தில் மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு மணியடிக்க, மேலே சன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வரிசையாக வந்து போவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரளும் இடம் அந்தச் சதுக்கம். சுற்றியுள்ள தெருக்களில் எங்கு திரும்பினாலும் இந்தக் கடைகள் கண்ணில் படுகின்றன.

நான் அந்தக் கடிகாரம் இருக்கும் கோபுரத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது, அப்பா 200 யூரோவை மாற்றப் போனார். கடைக்கு வெளியே பெரிய பலகையில் ‘கமிஷன் 0%’ என்றும், யூரோவுக்கு நேராக 24.80 என்றும் எழுதியிருந்தது. அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பலகையைக் காட்டி, இந்த விலைதானே என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை நீட்டியிருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண்ணும் தலையசைத்திருக்கிறார். ஆனால் கைக்கு வந்தது 3,200 கொருனா மட்டுமே. அதாவது ஒரு யூரோவுக்கு 16 கொருனா. அன்றைய சந்தை மதிப்பு ஏறக்குறைய 25 என்பதால், நியாயமாக 5,000 கொருனாவை ஒட்டிக் கிடைத்திருக்க வேண்டும்.

அப்பா உடனே கேட்டதற்கு, பலகையில் இருப்பது கடை யூரோவை விற்கும் விலை என்றும், வாங்கும் விலை உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது என்றும், ரசீது அச்சாகிவிட்டால் எதுவும் செய்ய முடியாது என்றும் பதில் வந்தது. அந்தத் தாளை நானும் பிறகு போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்மூலையில், நன்றாகக் குனிந்தால் மட்டுமே படிக்க முடிகிற இடத்தில், பொடி எழுத்தில் இருந்தது. வயதானவர்களால் அதைப் படிக்கவே முடியாது. படிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரசீது அச்சானால் முடிந்தது என்பது அப்பட்டமான பொய். செக் நாட்டுச் சட்டப்படி, 2019 ஏப்ரல் 1 முதல், 1,000 யூரோ மதிப்பு வரையிலான நாணய மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. ரசீதையும், வாங்கிய கொருனா முழுவதையும் எடுத்துக்கொண்டு நாங்கள் திரும்பப் போனோம். முதலில் கணினி வேலை செய்யவில்லை என்றார்கள். பிறகு, மேலாளர் நாளைக் காலைதான் வருவார், அப்போது வாருங்கள் என்றார்கள். அன்றிரவே ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்று தெரிந்தே சொன்ன பதில் அது. எனக்கு மிகுந்த கோபம் மூட்டியதும் அதுதான். இத்தகைய கடைகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியைக் கடை வாசலில் நின்றே அழைக்கப்போவதாகச் சொல்லி, சட்ட விவரத்தைக் கைப்பேசியில் திறந்து கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். அதன் பிறகே அந்தப் பெண் எங்கள் நோட்டுகளை வாங்கி இருமுறை எண்ணிவிட்டு, இழுப்பறையிலிருந்து 200 யூரோவை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தள்ளினார்.

அப்பா கேட்டு வாங்கிய ரசீதில் தேதியும் நேரமும் இருந்ததால்தான் அவர்களால் மறுக்க முடியவில்லை. மாற்றிய பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்திருந்தாலும் பேச்சு சிக்கலாகியிருக்கும். ஆகவே பணத்தை மாற்றியவுடன் அங்கேயே நின்று ரசீதில் உள்ள விலையைப் பாருங்கள்.

கடைக்கு வெளியே நல்ல விலை தருகிறேன் என்று அணுகும் ஆட்களிடம் இந்த உரிமையெல்லாம் செல்லாது. 2016-இல் செல்லாததாகிவிட்ட பழைய பெலாரஸ் ரூபிளையும், மதிப்பு மிகக் குறைந்த ஹங்கேரி ஃபோரின்டையும் கொருனா என்று தலையில் கட்டுகிறவர்கள் அவர்கள். உண்மையான 100 கொருனா நோட்டில், சார்லஸ் பாலத்துக்கு 1357-இல் அடிக்கல் நாட்டிய மன்னர் நான்காம் சார்லஸின் முகமும், 1,000 கொருனா நோட்டில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியின் முகமும் இருக்கும்.

சதுக்கத்துத் தள்ளுவண்டிகளில் நெருப்பில் வாட்டி விற்கும் பன்றி இறைச்சியிலும் கவனம் தேவை. பலகையில் இருப்பது 100 கிராமுக்கான விலை. கேட்காமலே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். எத்தனை கிராம் என்று சொல்லி, எடை போட்டுக் காட்டிய பிறகே வாங்குங்கள்.

உண்மையில் ஒரு பகல் பொழுதுக்கு ரொக்கம் அதிகம் தேவைப்படாது. டிராமில்கூட வண்டிக்குள்ளேயே கார்டைத் தொட்டுப் பயணச்சீட்டு வாங்கலாம். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ யூரோவிலா கொருனாவிலா என்று கேட்டால் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். யூரோவைத் தொட்டால் இயந்திரக்காரர் வைத்த விலையில் கணக்குப் போடுவார்கள், அதை மூன்று மணி நேரச் சட்டத்தைக் காட்டி ரத்து செய்ய இயலாது.