ஒலிப்பதிவா, பக்கத்து இருக்கைக்காரரா?

கொழிஞ்சாம்பாறையில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் இந்த ஓரத்தில் தமிழரும் மலையாளிகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. மூவர் வாயிலும் ஆங்கிலம் மூன்று விதமாக வரும். பிரிட்டிஷ் உச்சரிப்பு ஒலிப்பதிவைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வைப்பது ஒரு வழி. ஒருவர் சொல்ல, வேறு தாய்மொழிக்காரர் அதை எழுத, எழுதியது பிசகினால் அந்த ஒலியை மட்டும் திருத்துவது இன்னொரு வழி. இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் நிலைத்துவிட்டேன்.

இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஒலிப்பதிவை வீட்டிலிருந்தே கேட்கலாம். ஜோடிப் பயிற்சிக்கு ஆள் வர வேண்டும், மழைக்காலத்தில் அது சிரமம்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வகுப்பு முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? ஒலிப்பதிவில் பழகிய முதல் குழு வகுப்பறையில் அழகாகப் பேசியது. மூன்று மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தால், பெரும்பாலானவர்கள் பழைய உச்சரிப்புக்கே திரும்பியிருந்தார்கள். ஒலிப்பதிவு சரியானதைச் சொல்லும். நாம் எங்கே பிசகினோம் என்று சொல்லாது.

ஜோடிப் பயிற்சியில் நடந்ததைப் பாருங்கள். மருந்துக்கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருவர், ரசீதைக் குறிக்கும் ‘பில்’லைச் (bill) சொன்னார். எதிரே இருந்த மலையாளி லாரி ஓட்டுநர், மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’லை (pill) எழுதினார்.

“சேட்டா, நான் ரசீதைத்தானே சொன்னேன்?”

“எனக்கு மாத்திரை என்றுதான் கேட்டது, அக்கா.”

அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கும் தமிழில் ‘பில்’ என்றே எழுதி வைத்திருந்தார். மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு ஒரே ‘ப’. ‘க’வும் அப்படித்தான்: தோளில் மாட்டும் பையும் (bag) முதுகும் (back) நமக்கு ‘பேக்’தான். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதை அன்றே நிறுத்தச் சொன்னேன். ரசீதின் ‘பில்’லுக்குத் தொண்டை அதிர வேண்டும். அவர் தொண்டையில் விரல் வைத்து, அதிர்வு வரும்வரை சொல்லிப் பார்த்தார். ஏழு மாதமாகிறது; அந்தச் சொல் இன்றும் பிசகவில்லை.

இன்னொரு நாள் தமிழர் ஒருவர் கணுக்காலைச் (ankle) சொல்ல, தெலுங்குக்காரர் ‘கோணம்’ (angle) என்று எழுதினார். மெல்லினத்தை அடுத்த வல்லினம் தமிழில் தானாகவே அதிர்ந்து ஒலிக்கும். மலையாளப் பேச்சிலும் பெரும்பாலும் அப்படித்தான். தெலுங்கில் அதிரும் ஒலியும் அதிராத ஒலியும் வேறு வேறு. தமிழர் மட்டும் இருந்த வகுப்பானால், அது பிழை என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

மூவரும் சேர்ந்தே தவறவிடும் ஒலிகளும் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘பி’ (p), ‘டி’ (t), ‘கே’ (k) ஒலிகளை ஆங்கிலேயர் மூச்சுக்காற்றோடு சொல்வார்கள். நாம் காற்றில்லாமல் சொல்கிறோம். நம்மில் யார் காதிலும் அது உறுத்தாது. வெளிநாட்டவர் காதிலோ மாத்திரை ரசீதாகிவிடலாம். இங்கே ஒலிப்பதிவுதான் கைகொடுக்கிறது. வாய்க்கு முன்னால் ஒரு காகிதக் கீற்றைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்க்கிறோம்.

வெவ்வேறு நாட்டார் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இன்றியமையாத ஒலிகளை, மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வரையறுத்தார். இந்த மூச்சொலி அதில் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாடும் இருக்கிறது. அது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சொல்லும் ஒலி (th) அதில் இல்லை. அந்த ஒலிக்காக முதல் குழுவை ஒரு வாரம் வாட்டியதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸின் (IELTS) பேச்சுத் தேர்வில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் உச்சரிப்புக்கு. என்னிடம் படித்து அதை எழுதியவர்கள் இருவர்தான். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். கால் சென்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒலிப்பதிவு கூடுதலாகத் தேவைப்படலாம்.

ஜூனில் தொடங்கும் குழுவில் தெலுங்கு பேசுகிறவர் ஒருவர்தான் சேர்ந்திருக்கிறார். வாரம் ஒருவராக, எல்லோருடனும் அவரை ஜோடி சேர்க்கப்போகிறேன்.