தாரா மலைக்குப் போனால் எங்கே தங்கலாம்: பாயினா பாஷ்டாவா, மித்ரோவாட்ஸா?

மேற்கு செர்பியாவில் தாரா தேசியப் பூங்கா பார்க்கப் போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இதுதான். பாயினா பாஷ்டா, ட்ரினா ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். மித்ரோவாட்ஸ், 1,000 மீட்டருக்கு மேல் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பு. இரண்டும் ஒரே நகராட்சிதான். கோடையில் போவதானால் என் ஓட்டு கீழே இருக்கும் ஊருக்கே.

மித்ரோவாட்ஸில் குளுமை உண்டு, நடக்கக் காட்டுப்பாதைகள் உண்டு. பான்ஸ்கா ஸ்டெனா பாறைமுனை அங்கிருந்து சுமார் 6 கி.மீ. காட்டிலேயே நாள் முழுக்க நடக்க நினைப்பவர்களுக்கு அது போதும்.

தீர்மானிக்கும் விஷயம் போக்குவரத்து. பெல்கிரேடிலிருந்து பஸ் நேராக ஊருக்கே வருகிறது. ரயிலில் வந்தால் உஷிட்சேயில் இறங்கி மலைச்சாலையில் வர வேண்டும். கார் இல்லாமல் மேலே தங்கினால் ஆறு, ஏரி, மடம் எதற்கும் இறங்கி ஏறுவதே பெரும்பாடு. மலைக்கு பஸ் ஏறுமுன் திரும்பி வர வண்டி உண்டா என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் தங்கினால் பெருச்சாட்ஸ் கிராமம் வரை சுமார் 13 கி.மீ ஆற்றோரச் சாலை, சைக்கிளுக்கு ஏற்றது. ஆற்று நடுப்பாறையில் நிற்கும் மரவீடு அந்த வழியிலேயே வரும்; 1960-களின் கடைசியில் கட்டியது, வெள்ளம் பலமுறை அடித்துப்போக மறுபடி மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பெருச்சாட்ஸில் வ்ரெலோ ஆறு ஊற்றாகப் பிறந்து 365 மீட்டரே ஓடி அருவியாக ட்ரினாவில் விழுகிறது. இன்னொரு பக்கம் 13-ஆம் நூற்றாண்டு ராச்சா கிறிஸ்தவ மடம்; அங்கிருந்து லாஜெவாட்ஸ் ஊற்றுக்கு ஓடையோரமாகவே நடக்கலாம்.

குளிக்க, பெருச்சாட்ஸில் ட்ரினாவை அணை கட்டித் தேக்கிய ஏரிதான் சரி. 1966-இல் இயங்கத் தொடங்கிய அந்த அணைக்குக் கீழே ட்ரினா ஜூலையிலும் சில்லென்றிருக்கும், ஏரியின் ஆழத்துத் தண்ணீர்தான் டர்பைன் வழியே வெளியே வருகிறது. டர்பைன் ஓடத் தொடங்கினால் நீர்மட்டமும் ஏறும், ஆற்று நடுத்திட்டுகளில் பையை வைத்துவிட்டு நீந்தப் போகாதீர்கள். மலைமேல் இருக்கும் ஸாஒவினே ஏரியிலும் கரை இடம் மாறும். பெருச்சாட்ஸ் ஏரியிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை அதில் ஏற்றி, மின்சாரம் தேவைப்படும்போது இறக்குகிறார்கள்.

பனிக்காலத்துக்கு இதே தீர்ப்பை அடித்துச் சொல்ல மாட்டேன். பனியில் நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் மித்ரோவாட்ஸே வசதியாக இருக்கும். காரில் ஏறுவதானால் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை சாலையில் பனி இருக்கும்போது குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாடகை வண்டியை எடுக்கும்போதே குனிந்து டயரைப் பாருங்கள்.