கோத்தகிரி ஹோம்ஸ்டே: ரூமுக்கு ரெண்டரை ஸ்டார், தோட்டத்துக்கு அஞ்சு

போன அக்டோபர்ல ரெண்டு நைட் தங்கினோம். பேரு போடல, கீழ கொஞ்சம் திட்டியிருக்கேன், ஓனர் பாவம் நல்ல மனுஷன். கீசர் பத்து நிமிஷம் ஓடும் அப்புறம் படுத்துக்கும், போர்வைல ஈர வாடை, போட்டோல பாத்த வியூ பக்கத்து ரூமோடது. சாப்பாடு ஓகே.

ஆனா காலைல 'நேச்சர் வாக்'னு ஆளுக்கு 300 ரூபா எக்ஸ்ட்ரா வாங்கினாங்க பாருங்க, காட்டெருமை காட்டுவாங்கன்னு நெனச்சா அங்கயே காய்கறி போடற ஒரு அண்ணன் வந்து நேரா கேரட் பாத்திக்குக் கூட்டிட்டுப் போறாரு. நைட்டெல்லாம் மழை, மண்ணு பொதபொதன்னு இருக்கு. எருக்குவியல் ஓரமா ஒரு கல்லைத் தன் பக்கமா சாய்ச்சுத் தூக்கினாரு, அடியில பென்சில் தடிமன்ல பிரவுன் கலர்ல ஒண்ணு, நான் பெரிய மண்புழுன்னே நெனச்சேன்.

"பாம்புங்க, விஷமில்ல."

"இருதலைப் பாம்பாண்ணா?"

"அது கீழ சமவெளிலங்க, கோடிக்கு விக்கலாம்னு ஊரை ஏமாத்துறாங்களே அந்த மண்ணுளி. இது நம்ம மலையோடது."

நீலகிரி கேடயவால் பாம்பு, பிளெக்ட்ரூரஸ் பெரோட்டெட்டி. ஒரு அடி, மிஞ்சிப்போனா ஒன்றரை அடி வளரும். தலை கூரா இருக்கும், அதை வச்சுதான் மண்ணைக் குத்திப் போகுது. இந்தக் குடும்பத்துல நிறைய பாம்புக்கு வால் சீவிவிட்ட மாதிரி சொரசொரன்னு இருக்கும், அதுல மண்ணு அப்பிக்கிட்டு பின்னாடி வளையை மூடி போட்ட மாதிரி அடைச்சிடும், இதுக்கு அப்படியில்ல, வால் பக்கவாட்டுல அமுங்கி நுனில ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு முனை. முட்டை கிடையாது, குட்டிதான். தின்றது மண்புழு, எருப்போட்ட பாத்தியில கிடக்கறதுக்குக் காரணம் அதான், மண்வெட்டில வெட்டுப்படறதும் அதனாலதான்.

கூட வந்த ஒரு பையன் கையில புடிச்சு போட்டோ எடுக்கணும்னான், அண்ணன் முடியாதுன்னுட்டாரு. பாம்பு மண்ணுக்குள்ள முழுசா போற வரைக்கும் கல்லைக் கையிலயே தாங்கிட்டு நின்னாரு, அப்புறம்தான் பழைய எடத்துலயே வச்சாரு. மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். 300 ரூபாக்கு அரை நிமிஷமான்னு என் வீட்டுக்காரர் இன்னும் பொலம்பறாரு, எனக்கு அதுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கணும்னு தோணுச்சு.

கோயம்புத்தூர்காரங்க இந்த மாதிரி பாம்புக்காக நீலகிரி ஏறணும்னுகூட இல்ல, 2018ல ஆனைகட்டி மலைலயே இந்தக் குடும்பத்துல புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சு, மறைஞ்ச ஆராய்ச்சியாளர் பூபதி பேரைச் சேர்த்து யூரோபெல்டிஸ் பூபதியின்னு வச்சாங்க. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாத குடும்பம் இது, நாம என்னடான்னா எதைப் பாத்தாலும் கட்டையத் தூக்கறோம்.

போறவங்க கம்பூட் எடுத்துக்கோங்க, அவங்க குடுக்கறது எல்லாம் ஒரே சைஸ். ரூம் வேற எங்கயாவது போட்டுட்டு வாக்குக்கு மட்டும் வரலாமான்னு அண்ணன்கிட்ட தனியா கேட்டேன். "தாராளமா வாங்க, வெயில் அடிச்சா மட்டும் வராதீங்க"ன்னாரு.